பேசாத படம், பேசுகிற ஓசை

கே: கடற்கரையில் 'பேசும் படம்' போட்டோம். முன்வரிசைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் "இழுவை" என்று எழுந்து போய்விட்டார்கள். ஏன் இப்படி இரண்டு கருத்து? (பாம்பன் வாசகர்)

ப: பின்வரிசைக்குப் படமே போய்ச் சேரவில்லை என்றுதான் தோன்றுகிறது. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, நம் பரமக்குடிக்காரர் கமல்ஹாசன் நடித்த அந்தப் படத்தில் வசனம்தான் கிடையாது, ஓசை உண்டு. சத்தத்துக்கு நடுவே படுத்துப் பழகிய நாயகனுக்கு ஓட்டல் அறையின் அமைதியில் தூக்கம் வராது. பழைய இடத்து இரைச்சலை டேப்பில் பதிந்துகொண்டு வந்து, அதை ஓடவிட்டுத் தூங்குவான். எவ்வளவு அழகான காட்சி! பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமினால் அது யாருக்கும் புரியாது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஏதாவது கட்டடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டித் திரையைக் கட்டுங்கள். காற்று மறையும், ஸ்பீக்கர் ஓசையும் காற்றோடு கூட்டத்துக்கு வரும். ஜெனரேட்டரைக் கூட்டத்துக்கும் கிழக்கே 50 மீட்டர் தள்ளி வையுங்கள். வயர் 2.5 சதுர மி.மீ.க்குக் குறைந்தால் வோல்டேஜ் இறங்கிப் படம் மங்கும். திரையின் நான்கு ஓரமும் கயிறு கோத்து இழுத்துக் கட்டவேண்டும். அந்தப் படத்தில் கொலைகாரன் கையில் இருப்பது பனிக்கட்டிக் கத்தி. அது உருகுவது தெரியாவிட்டால் சிரிப்பு எங்கிருந்து வரும்? மேற்கு வானம் முழுதாக இருட்ட, சூரியன் மறைந்து முக்கால் மணி நேரமாவது பொறுங்கள்.

கே: செல்போனில் ஊமைக் குறும்படம் எடுக்கிறோம். பழைய படம் போல வேகமாக ஓடவிடலாமா? (தொண்டி வாசகர்)

ப: கொஞ்சமாக. அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றி, வினாடிக்கு 16, 18 பிரேம் (தனித்தனிப் படம்) என்று எடுத்ததைப் பின்னாளில் 24இல் ஓட்டியதால் வந்த வேகம் அது. 2011இல் வந்த 'தி ஆர்ட்டிஸ்ட்' என்ற ஊமைப் படத்தை 22இல் எடுத்து 24இல் காட்டினார்கள். எடிட்டிங்கில் வேகத்தை 109 சதவீதம் வைத்தால் அதே வேகம் கிடைக்கும். அதற்கு மேல் போனால் நடிப்பு தெரியாது.

ஒருவர் வழுக்கி விழும் காட்சி என்றால், வேகத்தைவிட முக்கியம், வழுக்கப்போகிற கடற்பாசியை ஆளுக்கு முன்பே பார்வையாளர் பார்த்துவிடுவது. பாசி, ஆள், விழுகை மூன்றும் தலை முதல் கால் வரை ஒரே ஷாட்டில் இருக்கட்டும். நடுவில் வெட்டினால் ஆள் நிஜமாக விழுந்ததாக யாரும் நம்பமாட்டார்கள்.

கே: ஊமைப் படத்தில் வசனத்துக்குப் பதில் நடுவே காட்டும் எழுத்து அட்டை எத்தனை நொடி நிற்கவேண்டும்? (ஏர்வாடி வாசகி)

ப: வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படிக்கும் நேரம். எட்டுச் சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள்.