கட்டடம் உங்களுடையது, கணக்கு யாருடையது?

கட்டடப் பராமரிப்பு மென்பொருள் பற்றி இந்த முறை பன்னிரண்டு கடிதம். இரண்டு வெறும் விளம்பரம், அவற்றைத் தள்ளிவிட்டேன். மிச்சத்துக்குப் பதில் கீழே. எத்தனை மாடி, எத்தனை வாடகைக்காரர், மாதக் கரண்ட் பில் எவ்வளவு என்று மூன்றையும் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். எழுதாவிட்டால் நான் சாத்திரம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கட்டடத்துக்கு எந்த சொப்ட்வெயர் நல்லது? உடன் பதில் தேவை. (ஏறாவூர்)

மேலே கேட்ட மூன்றில் ஒன்றும் இல்லை, அவசரம் மட்டும் இருக்கிறது. திரும்ப எழுதுங்கள்.

கல்லடியில் மூன்று மாடி. கீழே 5 கடை, மேலே 4 அலுவலகம். வாடகை, கரண்ட், தண்ணீர்க் கணக்கெல்லாம் ஒரு கொப்பியில் இருக்கிறது. மாதம் டொலரில் கட்டும் மென்பொருள் ஒன்றைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். ஒன்பது பேருக்கு எக்செல் போதும். மூன்று தாள் போடுங்கள். முதலாவதில் வாடகைக்காரர், முற்பணம், ஒப்பந்தம் முடியும் தேதி. இரண்டாவதில் கட்டடத்தில் உள்ள சாமான்கள்: ஜெனரேட்டர், பம்ப், ஏசி, தீயணைப்புச் சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தொடர் இலக்கமும் கடைசியாக சேர்விஸ் செய்த நாளும். மூன்றாவதில் வாடகைக்காரரின் முறைப்பாடுகள். 25, 30 வாடகைக்காரரைத் தாண்டும்போது மென்பொருளைப் பற்றிக் கதைக்கலாம்.

இரண்டாவது தாளைத்தான் யாரும் நிரப்புவதில்லை, மொட்டைமாடிக்கு ஏற வேண்டுமே. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. உப்புக் காற்றில் ஏசியின் வெளி யூனிட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துவிடும், அப்புறம் தொடர் இலக்கத்தை யாராலும் வாசிக்க முடியாது. இன்றைக்கே ஏறிப் படம் எடுத்து வையுங்கள்.

வாடகைக்காரருக்கென்று ஆப் ஒன்று செய்வித்தோம். 22 கடையில் 3 பேர்தான் போனில் இறக்கியிருக்கிறார்கள். மற்றவர்களை எப்படி ஈர்ப்பது? (காத்தான்குடி)

ஈர்க்க வேண்டாம், விட்டுவிடுங்கள். புடவைக்கடைக்காரருக்கு உங்கள் கட்டடம் மாதத்தில் இரண்டு தரம்தான் நினைவுக்கு வரும்: வாடகை கட்டும்போதும் தண்ணீர் நிற்கும்போதும். அதற்கு ஒரு ஆப்பா? கழிவறைக் கதவு, லிஃப்ட் வாசல், மீற்றர் அறை, இந்த மூன்று இடத்திலும் ஒரு கியூஆர் தாளை ஒட்டுங்கள். ஸ்கேன் பண்ணினால் இரண்டே கேள்வி வர வேண்டும்: எந்த இடம், என்ன பழுது. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்கத் தொடங்கினீர்களோ, ஆள் போனை மூடிவிட்டு வாட்ஸ்அப் குரூப்பில் கத்துவார்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கட்டும், அறிவித்தலுக்கு அது நல்லது. முறைப்பாட்டை மட்டும் அதில் எடுக்காதீர்கள். பெருநாள் வாழ்த்தும் பூப்படமும் வந்து விழுந்தால் காலையில் சொன்ன பம்ப் பழுது மாலையில் எங்கே கிடக்கிறதோ!

இன்னொன்று. திருத்த வேலைக்குத் தண்ணீரை நிறுத்துவதை 12 மணிக்கு எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு வுழு செய்ய, அதாவது கைகால் முகம் கழுவ, வருகிறவர்கள் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். இது மென்பொருள் குறை இல்லை. அட்டவணை போட்டவர் தன் கட்டடத்துக்கு ஒருநாளும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். வேலையைக் காலை 8க்குள் முடியுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம்.

தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் இரண்டு மூன்று மடங்கு காசு பிடிக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (அக்கரைப்பற்று)

இல்லை. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்துக் கொள்ளும். தமிழ் யுனிகோட் என்றால் 70 தான். அதற்கு மேல் போனால் 67, 67 ஆக உடைத்து ஒவ்வொரு துண்டுக்கும் காசு. ஆங்கிலச் செய்திக்குள் ஒரேயொரு தமிழ் எழுத்து இருந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு வந்துவிடும். அதோடு நாம் ஒன்றென்று எண்ணும் 'கி', 'து', 'ம்' எல்லாம் அங்கே இரண்டிரண்டு.

நீங்கள் அனுப்பிய மாதிரியை எண்ணிப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்ற விளிப்புக்கே 28 போய்விட்டது. மரியாதை நல்லதுதான், ஆனால் பாதிக் காசு மரியாதைக்கே போகிறது. 'நாளை காலை 10-12 தண்ணீர் வராது. பம்ப் திருத்தம்.' இது 50க்குள் அடங்கும். யாரும் கோபிக்க மாட்டார்கள். உங்கள் கிளார்க் பாமினி என்ற, யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வெட்டி ஒட்டினால் போனில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் வரும், அதையும் பாருங்கள்.

கதவு, கெமரா, லைட் எல்லாம் ஒரே இடத்திலிருந்து பார்க்கும்படி ஒரு தம்பி போட்டுத் தந்தார். இப்போது அவர் கட்டாருக்குப் போய்விட்டார். புது வாடகைக்காரருக்குக் கதவு அட்டை சேர்க்க முடியவில்லை. அட்மின் கணக்கு அவருடைய ஜிமெயிலில் இருக்கிறதாம். என்ன செய்வது? (கல்முனை)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கல்முனையை மாற்றி அக்கரைப்பற்று என்றும், கட்டாரை மாற்றி டுபாய் என்றும் போட்டால் பழைய கடிதங்களையே திரும்ப அச்சிடலாம். நானும் 11 வருடம் டோஹாவில் கட்டடப் பராமரிப்பில் நின்றவன். தம்பி போனதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குறை உங்களுடையது. காணி உறுதியை மேசனின் பெயரில் எழுதுவீர்களா? கட்டடத்தின் சாவிக்கொத்து முழுவதையும் வயர் இழுத்த பிள்ளையின் ஜிமெயிலில் எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் கழித்து என்ன செய்வது என்று கேட்கிறீர்கள்.

மட்டக்களப்பில் வாவிப் பக்கம் ஒரு நான்கு மாடி. என்னைக் கூப்பிட்டது ஒரு வெள்ளிக்கிழமை. திங்கள் காலை மூன்றாம் மாடிக்குப் புது அலுவலகம் வருகிறது, 14 பேர், ஒருவருக்கும் அட்டை இல்லை. அட்மின் கணக்கு, கருவி போட்டவரின் மச்சானுடைய பெயரில். உள்நுழைந்தால் ஓடிபி போவது டோஹாவில் உள்ள ஒரு போனுக்கு. அந்தப் பிள்ளை வேலைத்தளத்தில் நிற்கிறது, பகலில் போன் எடுக்க விட மாட்டார்கள். டோஹா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அதனால் இங்கே இரவு ஒன்பது மணி மட்டும் முதலாளியும் நானும் வரவேற்பறைக் கதிரையில் காவல் இருந்தோம். எடுத்தார். பாவம், நல்ல பிள்ளை. இலக்கத்தைப் பார்த்து, வொய்ஸ் மெசேஜில் சொல்லி, அது எங்களுக்கு வந்து சேர்வதற்குள் ஓடிபி காலாவதி. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை அவர் 6 ஐ 9 என்று வாசித்துவிட்டார். கணக்கு அரை மணி நேரம் பூட்டிக்கொண்டது. பத்தரைக்கு ஒருவழியாக உள்ளே போனால், முன்னாள் ஊழியர்கள் நாற்பது பேருக்கு மேல் இன்னும் கதவு திறக்கும் உரிமையோடு வரிசையாக இருக்கிறார்கள். முதலாளி அதைப் பார்த்தபோதுதான் முகம் மாறியது. அது வரைக்கும் அவருக்கு இது 'கொம்பியூட்டர் பிரச்சினை'.

சரி, உங்கள் விஷயம். அவரோடு கதைக்க முடியுமென்றால் ஓடிபி கேட்டு வாங்கி அட்டை சேர்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த ஒரே தடவையில் அட்மின் மின்னஞ்சலையும் போன் இலக்கத்தையும் மாற்றி எடுங்கள். கட்டடத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல், அலுவலக மேசையில் இருக்கிற ஒரு சிம். அட்மின் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் நீங்கள். பொருத்துகிறவருக்குத் தனிக் கணக்கு, வேலை முடிந்ததும் அதை மூடிவிடுங்கள்.

அவர் கிடைக்கவே மாட்டார் என்றால் பழைய பற்றுச்சீட்டையும் கருவிகளின் தொடர் இலக்கங்களையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கருவிக்குக் கொழும்பில் இருக்கும் முகவருக்கு எழுதுங்கள். கல்லடிக்காரரை ஏறிப் படம் எடுக்கச் சொன்னதும் இந்தத் தொடர் இலக்கத்துக்காகத்தான். ரீசெட் பொத்தானை மட்டும் கோபத்தில் அமத்தாதீர்கள். அட்டைப் பட்டியல் முழுவதும் அழிந்துவிடலாம். முதலில் இருக்கிற அட்டைகளையெல்லாம் சேர்த்து இலக்கம் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ரீசெட்.

இனிப் போடப்போகிறவர்களுக்கு: கூலியில் பத்துப் பதினைந்து வீதத்தைப் பிடித்து வையுங்கள். கணக்கு உங்கள் பெயருக்கு வந்து, கடவுச்சொல்லை நீங்களே மாற்றி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் புரோகிராம் பைல் ஒரு பென் டிரைவில் கைக்கு வந்த பிறகுதான் மிச்சக் காசு. பைல் இல்லாவிட்டால் லைட் அணைகிற நேரத்தைக்கூட இன்னொருவரால் மாற்ற முடியாது, முழுவதையும் திரும்ப எழுத வேண்டிவரும். மாதக் கட்டணத்தில் கிளவுட் மென்பொருள் என்றால் மாதத்துக்கு ஒரு முறை தரவை எக்செல்லாக இறக்கி வையுங்கள். இறக்கும் வசதி இல்லை என்று சொன்னால், கையெழுத்துப் போடாமல் எழும்பி வாருங்கள்.

பேக்நெட்டா, மொட்பஸா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (அம்பாறை நகர்)

இரண்டும் கட்டடக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறைகள். மீற்றர்களுக்கும் ஜெனரேட்டருக்கும் மொட்பஸ் போதும். 1979இல் வந்தது, பழசு, ஆனால் எல்லாரும் பேசுகிற பாஷை. பெரிய மத்திய ஏசி இருந்தால் பேக்நெட். 'எங்களுடைய சொந்த முறை' என்று யாராவது சொன்னால் அது நாளைக்கு உங்களைக் கட்டிப்போடுகிற கயிறு.

அலுவலகக் கட்டடத்தில் எல்லா வாடகைக்காரரின் ஊழியரிடமும் கைரேகை எடுத்து வாசல் கதவுக்குப் போடலாமா? ஒரு பெண் மறுக்கிறார். (மட்டக்களப்பு)

மறுப்பதற்கு அவருக்கு நியாயம் இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைரேகை போன்ற உடற்கூற்றுத் தரவுகள் விசேட வகை. வாசல் கதவுக்கு அட்டை போதும். அட்டை தொலைந்தால் வேறொன்று கொடுக்கலாம். கைரேகை களவு போனால் வேறு விரலையா ஒட்டுவீர்கள்?

கருவியின் கடவுச்சொல் 12345 ஆகவே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகமெங்கும் இப்படித்தான் கெமராக்களுக்குள்ளும் அவற்றின் பதிவுப் பெட்டிகளுக்குள்ளும் புகுந்தது. உடைத்துக்கொண்டு போகவில்லை, தொழிற்சாலையில் போட்ட கடவுச்சொல்லை அடித்துத் திறந்து போனது. அப்புறம் பழைய சங்கதிதான்: அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

கரண்ட் பில்லில் 30 வீதம் மிச்சம் பிடித்துத் தரும் மென்பொருள் என்கிறார்கள். உண்மையா? நாலு மாடி, 60 கேவிஏ இணைப்பு. (களுவாஞ்சிக்குடி)

இணைப்பின் அளவை எழுதியதற்கு நன்றி, ஒருவராவது எழுதினீர்களே. மென்பொருள் கரண்டைக் குறைக்காது, எங்கே போகிறது என்று காட்டும். 42 கேவிஏக்கு மேற்பட்ட இணைப்பில் அலகுக்குத் தனியாகவும், உச்சக் கேள்விக்கு, அதாவது மாதத்தில் ஒரே நேரத்தில் ஆகக் கூடுதலாக இழுத்த கரண்டுக்குத் தனியாகவும் காசு பிடிப்பார்கள். மாதம் முழுவதும் சிக்கனமாக இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எல்லா மாடி ஏசியையும் லிஃப்டையும் பம்பையும் ஒரே கால் மணி நேரத்தில் ஓடவிட்டால், அந்தக் கால் மணி நேரம்தான் உங்கள் மாத உச்சம். இதற்கு மென்பொருள் வேண்டாம், மணிக்கூடும் ஒரு காவலாளியும் போதும். ஒரு மாடியை எட்டுக்கு, அடுத்ததைப் பதினைந்து நிமிடம் கழித்து என்று போடச் சொல்லுங்கள்.

தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவதையும் மாலை 6.30க்கும் 10.30க்கும் இடையில் வைக்காதீர்கள், அலகு விலை அப்போதுதான் ஆகக் கூட. இரவு பத்தரைக்குப் பின் ஏற்றுங்கள், டைமர் சுவிட்ச் ஒன்று சில ஆயிரம் ரூபாய்தான். இதையெல்லாம் மூன்று மாதம் செய்துவிட்டு மாடிக்கு ஒரு சப் மீற்றர் போடுங்கள். 30 வீதம் என்று சொன்னவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள். பிறகு போன் எடுக்க மாட்டார்.

சேர்வரைக் கீழ்மாடியில் படிக்கட்டுக்கு அடியில் வைக்கலாமா? (சம்மாந்துறை)

2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அயலில் கேட்டுவிட்டு வையுங்கள்.

முறைப்பாட்டு மென்பொருள் போட்டு ஒரு வருடம். அறிக்கையில் 95 வீதம் 'முடிந்தது' என்று பச்சையாகக் காட்டுகிறது. ஆனால் வாடகைக்காரர் திட்டுவது குறையவில்லை. (ஆரையம்பதி)

'முடிந்தது' பொத்தானை அமத்துவது யார்? திருத்தப் போனவரா? அப்படியென்றால் பச்சையாகத்தான் இருக்கும். முறைப்பாடு சொன்னவருக்கு ஒரு செய்தி போக வேண்டும், சரியா இல்லையா என்று அவர் அமத்த வேண்டும். இரண்டு நாளில் பதில் இல்லாவிட்டால் தானாக மூடலாம். பெரும்பாலான மென்பொருளில் இது அமைப்புப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அட்மின் கடவுச்சொல் உங்களிடம் இருந்தால் இன்றைக்கே மாற்றலாம். இருக்கிறதா?

மேல்மாடியில் ஒரே கழிவறைக் குழாய்க்கு நாலு 'முடிந்தது' விழுந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அறிக்கையில் உருப்படியான வரி அதுதான். நாலு முறையும் வொஷரைத்தான் மாற்றியிருப்பார்கள். இந்த முறை குழாயை விட்டுவிட்டு, மேலே போகிற பம்பின் அழுத்த சுவிட்ச் எத்தனையில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.