பக்கத்து வீட்டு கிரைண்டர் விடியற்காலை நாலு மணிக்கு ஓடுகிறது. சட்டத்தில் வழி உண்டா?

கேள்வி: கோவையில் வங்கிக் கடன் போட்டு ஒரு ரோ ஹவுஸ் வாங்கி, குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டு அக்கா போன வருடத்திலிருந்து இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறார். விடியற்காலை நாலு, நாலரைக்கெல்லாம் பெரிய கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிடும். எங்கள் படுக்கையறைச் சுவர் அதிர்கிறது. மகன் பிளஸ் டூ படிக்கிறான், மாமியாருக்கு பிரஷர். சொல்லிப் பார்த்தோம். "என் வீட்டுக்குள்ளதானுங்க ஓட்டறேன்" என்கிறார். இது போக, அவர்கள் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடுகிற சத்தம், ராத்திரி பதினொரு மணி வரை டிவி. பொறுக்க முடியாமல் என் வீட்டுக்காரர் இப்போது பதிலுக்குச் சுவரில் குழவிக்கல்லால் இடிக்கிறார். ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: முதலில், சுவரில் இடிப்பதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அது உங்கள் வழக்கையே கெடுத்துவிடும். லண்டனில் ஒட்டி வீடுகளில் இருந்த இரண்டு குடும்பங்களின் வழக்கு ஒன்று உண்டு: கிறிஸ்டி எதிர் டேவி, 1893. ஒரு வீட்டில் இசை வகுப்பு நடந்தது. எரிச்சலான பக்கத்து வீட்டுக்காரர் நடுச்சுவரைத் தட்டினார், தட்டை அடித்தார், விசிலடித்தார், கத்தினார். இசை வகுப்பு வீட்டின் நியாயமான உபயோகம், வீம்புக்காக எழுப்பிய சத்தம்தான் தொல்லை என்று சொல்லி, தட்டினவருக்கே தடை விதித்தார் நீதிபதி. தொல்லை வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் பின்பற்றும் கோட்பாடு அங்கிருந்து வந்ததுதான். இன்று உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாளை அந்த அக்கா குழவிக்கல் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து நீட்டினால், அதே நியாயத்தைச் சொல்ல உங்களால் முடியாது.

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று சத்தமும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. பிள்ளைகள் படியில் ஓடுவதற்கு வழக்குப் போட முடியாது. போட்டாலும் நிற்காது. மனிதர்கள் வாழ்கிற வீட்டில் நடை, பேச்சு, பாத்திரம், குழந்தை அழுகை எல்லாம் இருக்கும். சுவர் மெலிசாக இருப்பது அந்தக் குழந்தைகளின் குற்றம் இல்லை. புகாரில் இதைச் சேர்த்தால், எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிறவர் என்று உங்களைத்தான் நினைப்பார்கள்.

டிவிக்கு விதி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அளவு. தனியார் இடத்து ஒலிச் சாதனத்தின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. ஒட்டி வீட்டில் எல்லை என்பது அந்த நடுச்சுவர்தான். ஆனாலும் டிவிக்காகப் புகார் வரை போகாதீர்கள். பத்து மணிக்கு மேல் குறைத்து வைக்கச் சொல்லி ஒரு தடவை கேளுங்கள்.

உங்கள் உண்மையான பிரச்சினை கிரைண்டர். "என் வீட்டுக்குள்ளதானே" என்ற அவருடைய வாதம் சட்டப்படி செல்லாது. மேலே சொன்ன விதிகளில் 8-ஆவது விதியை ஸ்டேஷனில் பலரும் பார்ப்பதில்லை. ஒரு கட்டடத்துக்குள் நடக்கும் எந்தத் தொழிலோ வேலையோ சத்தம் எழுப்பி, அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஒருவருக்குத் தொல்லை கொடுத்தாலும், அதைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ எழுத்துப்பூர்வமாக உத்தரவிட அந்த விதி அதிகாரம் தருகிறது. ஊரே பாதிக்கப்பட வேண்டும் என்று இல்லை, ஒரு குடும்பம் போதும். 7-ஆவது விதியின்கீழ் சத்த அளவை வைத்துப் புகார் செய்தால், மேலே சொன்ன 55, 45 அளவைவிட 10 டெசிபல் அதிகம் என்று காட்ட வேண்டியிருக்கும். 8-ஆவது விதியில் அந்தக் கணக்கு இல்லை. இது உங்களுக்கு மிகவும் முக்கியம். ஏனென்றால் தரையில் வைத்த கிரைண்டரின் அதிர்வு தளத்தின் வழியாகவும் சுவரின் வழியாகவும் வருகிறது. மீட்டரில் பெரிய எண் வராமலே தூக்கம் கெடும்.

அதனால் ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று சொன்னது பாதிதான் சரி. பாரதிய நியாய சம்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 270-ஆவது பிரிவு சொல்லும் பொதுத் தொல்லை ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் இடைஞ்சலுக்குப் பொருந்தாது, உண்மை. ஆனால் மாநகரமென்றால் போலீஸ் கமிஷனரிடமும், வெளியே என்றால் கலெக்டரிடமும் 8-ஆவது விதியைக் குறிப்பிட்டு மனு கொடுக்கலாம். குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலை ஸ்டேஷனில் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) கேளுங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனுவைக் கிடப்பில் போட்டால், அதன்மேல் முடிவெடுக்க உத்தரவிடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

மனுவில் "தொழிலை மூடுங்கள்" என்று கேட்காதீர்கள். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த அக்காவுக்கு அதுதான் பிழைப்பு. அவர் வயிற்றில் அடிக்காமலே உங்கள் தூக்கத்தைக் காப்பாற்ற முடியும். காலை 6 மணிக்கு முன்பும் இரவு 10 மணிக்குப் பின்பும் ஓட்டக்கூடாது, கிரைண்டரை நடுச்சுவரை விட்டு எதிர்ப்பக்கம் மாற்ற வேண்டும், அடியில் கனமான ரப்பர் மெத்தை போட வேண்டும். இந்த மூன்றைக் கேளுங்கள். மாவை முந்தின நாள் சாயங்காலமே அரைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம் என்று எடுத்துச் சொல்லவும் இடம் இருக்கிறது. வீட்டு இணைப்பில் தொழில் செய்வதாக மின்வாரியத்தில் மாட்டிவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். அவருக்கு அபராதம் வரலாம், கிரைண்டர் நிற்காது, பகைதான் மிஞ்சும்.

ஆதாரத்தை இன்றே சேர்க்க ஆரம்பியுங்கள். ஒரு நோட்டில் தேதி, ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், யார் விழித்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். படுக்கையறையில் சுவரை ஒட்டி ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அது நடுங்குவதை சுவர்க் கடிகாரமும் தெரியும்படி வீடியோ எடுங்கள். எடுத்த செல்போனை மாற்றிவிடாதீர்கள். பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆவது பிரிவின்படி, வீடியோவை கோர்ட்டில் ஆதாரமாகக் காட்ட வேண்டிய சான்றிதழ் கொடுக்க அது தேவைப்படும். டெசிபல் ஆப் காட்டுவதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். மாமியாரின் மருத்துவச் சீட்டுகளையும் எடுத்து வையுங்கள்.

கோர்ட்டுக்குப் போகும் முன் ஒரு வழி இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், எதிர்த்தரப்பை அழைத்துப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். நீங்கள் பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பதிவானால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. சுவர் ஒன்றாக இருக்கும்வரை தினமும் முகம் பார்த்தாக வேண்டிய உங்கள் இருவருக்கும் இதுவே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அந்த அக்கா பேச வரவே மறுத்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடை கோரி வழக்கும், கூடவே இடைக்காலத் தடை மனுவும் போடுங்கள். வழக்கறிஞர் ஆணையரை, அதாவது நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வழக்கறிஞரை, நியமிக்கவும் கேளுங்கள். அவர் விடியற்காலை நாலு மணிக்கு உங்கள் படுக்கையறையில் நின்று கேட்டதையும், சுவரில் கை வைத்து உணர்ந்ததையும் அறிக்கையாகக் கொடுத்தால், அதற்கு மேல் பெரிய சாட்சி தேவைப்படாது. தடையை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

கடைசியாக, பில்டர். உங்கள் ஒப்பந்தத்தையும் அனுமதி பெற்ற வரைபடத்தையும் எடுத்து, நடுச்சுவர் எத்தனை அங்குலம் என்று பாருங்கள். ஒன்பது அங்குலம் என்று எழுதிவிட்டு நாலரை அங்குலச் சுவர் கட்டியிருந்தால், அது தரக் குறைபாடு. ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் எழுத்துப்பூர்வமாகச் சொன்னால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். உங்களுக்கு மூன்று வருடம் போய்விட்டது. அளந்து பார்த்ததும் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.