தானோட்டிக் காருக்குக் கேமரா மட்டும் போதாதா?

மனிதன் கண்ணை மட்டும் நம்பித்தானே ஓட்டுகிறான் என்று கேட்கிறீர்கள். என்னைக் கேட்டால், பல வகை சென்சார்கள் கட்டாயம் வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி பின்விளக்கு எரியாமல் நிற்கும் கன்டெய்னர் டிரெய்லரைப் பாருங்கள். புழுதியும் எதிர்வண்டி ஹைபீமும் சேர்ந்தால் கேமராவுக்கு அது இருட்டோடு இருட்டு. லைடார் தானே லேசர் ஒளியை அனுப்பி, திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. இருட்டு அதற்குப் பொருட்டே இல்லை. கனமழையில் லைடார் தடுமாறும், ரேடியோ அலையை அனுப்பும் ரேடார் தாங்கும். ரேடார் எதிரே வருவதன் வேகத்தையும் நேரடியாகச் சொல்லும். ஆனால் சிக்னலின் நிறம் கேமராவுக்குத்தான் தெரியும்.

டெஸ்லா 2021இல் ரேடாரைக் கைவிடத் தொடங்கியது; தானோட்டி டாக்ஸி நடத்தும் வேமோ நிறுவனம் கேமரா, லைடார், ரேடார் மூன்றையும் வைத்திருக்கிறது. செலவு கூடும்தான். சென்சார்கள் முரண்பட்டால் எதை நம்புவது என்ற சிக்கலும் உண்டு. ஆனால் முரண்பாடு தெரிந்தால் கார் வேகத்தையாவது குறைக்கும். ஒற்றை சென்சார் ஏமாந்தால் அது ஏமாந்ததே காருக்குத் தெரியாது.