பச்சை உடம்பும் மஞ்சள் கயிறும்: ஒரு செவிலியரின் கேள்வி பதில்

இருபத்தாறு ஆண்டுகள் வார்டில் நின்றேன். இப்போது செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். நோயாளியின் பழக்கவழக்கமும் நம்முடைய பராமரிப்பும் முட்டிக்கொள்ளும் இடங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (பிரசவ வார்டு செவிலியர், கும்பகோணம்): பிள்ளை பெற்ற மருமகளுக்கு மாமியார் தண்ணீரே தருவதில்லை. "பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும், ஜன்னி வரும்" என்கிறார். எடுத்துச் சொன்னால் சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது, அம்மா?

பதில்: முதலில் அந்த மாமியாரை எதிராளியாக நினைப்பதை விடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு இரவெல்லாம் விழித்திருந்து பிள்ளையைத் தூக்கப் போகிறவர் அவர்தான்.

மேடலின் லெய்னிங்கர் என்ற அமெரிக்கச் செவிலியர் 1960-களில் பப்புவா நியூ கினியின் மலைநாட்டுக்குப் போய், கட்சப் மக்களோடு தங்கி ஆராய்ந்தார். செவிலியத்துக்குள் மானுடவியலைக் கொண்டுவந்தவர் அவர். காக்க வேண்டிய வழக்கம், இசைந்துபோக வேண்டிய வழக்கம், மாற்றியமைக்க வேண்டிய வழக்கம் என்று மூன்று வகையாகப் பார்க்கச் சொன்னார். பத்தியத்தையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். பூண்டுக் குழம்பு, காதில் பஞ்சு, வெந்நீர்க் குளியல் எல்லாம் இருக்கட்டும். லேகியம் கொடுத்தால் அதில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, குழந்தையின் நாக்கில் சேனை வைப்பது, தாய்க்குத் தண்ணீர் மறுப்பது ஆகிய மூன்றும் கட்டாயம் மாற வேண்டும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. தண்ணீர் குறைந்தால் தாய்க்கு மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். காலின் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறையும் அபாயமும் கூடும்.

இதைச் சொல்லும் விதத்தில்தான் நாம் தோற்கிறோம். "தண்ணீர் கொடுங்கள்" என்று அதட்டாமல், "சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் கொடுக்கலாமா, அம்மா?" என்று அவரிடமே யோசனை கேளுங்கள். அவர் அஞ்சுவது குளிர்ச்சிக்கு. எங்கள் வார்டில் பிளாஸ்க்கை மாமியார் கையிலேயே கொடுத்துவிடுவோம். மாலைக்குள் பெரும்பாலும் காலியாகிவிடும்.

சீனக் குடும்பங்களிலும் பிரசவத்துக்குப் பின் ஒரு மாதம் பச்சைத் தண்ணீர், காற்று, தலைக்குளியல் எல்லாவற்றுக்கும் தடை உண்டு. 1978-இல் பார்பரா பில்ஸ்பரி என்ற மானுடவியலாளர் அதை ஆராய்ந்தபோது, தடைகளோடு நின்றுவிடாமல், அந்த மாதத்தில் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வையும் கவனிப்பையும் சேர்த்தே பார்த்தார். நம் பத்தியத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் மாமியார்மீது பாதிக் கோபம் போய்விடும்.

கேள்வி (குழந்தைகள் பிரிவு செவிலியர், லண்டன்): வியட்நாமியக் குழந்தை ஒன்றின் முதுகில் வரிவரியாகச் சிவந்த தழும்புகள் இருந்தன. அடித்திருப்பார்களோ என்று பதறிவிட்டேன்.

பதில்: பதறியதில் தவறில்லை. அது பெரும்பாலும் "காவ் யோ"வாக இருக்கும். காய்ச்சலுக்கும் சளிக்கும் தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் முதுகிலும் மார்பிலும் சுரண்டும் வீட்டு வைத்தியம் அது. வியட்நாம் அகதிகள் அமெரிக்காவில் குடியேறத் தொடங்கிய 1970-களிலேயே, இதைக் குழந்தை வதை என்று தவறாக எண்ணிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகிவிட்டன. அந்தத் தழும்புகள் சில நாட்களில் தாமே மறையும். "வீட்டில் என்ன வைத்தியம் செய்தீர்கள்?" என்று நிதானமாகக் கேளுங்கள். ஆனால் கோடுகளோடு வேறு வகைக் காயமும் இருந்தால் வழக்கமான விசாரணையைத் தவிர்க்கவே கூடாது.

கேள்வி (மகன், சிங்கப்பூர்): அப்பாவுக்குப் புற்றுநோய். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறோம். செவிலியர்களுக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. நாங்கள் செய்வது பாவமா?

பதில்: பாவம் என்ற சொல்லே வேண்டாம், தம்பி. உங்களைப்போல் நினைப்பவர்கள் ஆசியா முழுவதும் இருக்கிறார்கள். ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ 1989-இல் இறந்தார். அவருக்கு இருந்தது புற்றுநோய் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

ஆனாலும் ஓர் ஆய்வை உங்கள் முன் வைக்கிறேன். லாஸ் ஏஞ்சலிஸில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 800 பேரிடம் கேட்டு, 1995-இல் வெளியிட்டார்கள். பரவிவிட்ட புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம். "கொரியர்களிடம் சொல்லக் கூடாது" என்பதற்குச் சான்றாக இதைக் காட்டுபவர்கள் உண்டு. எனக்கோ அந்த 47தான் கண்ணில் நிற்கிறது. கிட்டத்தட்டப் பாதிப்பேர் சொல்ல வேண்டும் என்கிறார்கள். உங்கள் அப்பா எந்தப் பாதி?

என் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். மகன்கள் "அல்சர்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஓர் இரவு டிரிப் மாற்றும்போது என்னிடம் கேட்டுக்கொண்டார்: "சிஸ்டர், பையன்கள் பயந்திருக்கிறார்கள். எனக்கு விஷயம் தெரியும் என்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்." இரு பக்கமும் காவல் காத்துக்கொண்டு, பேச வேண்டியதைப் பேசாமலே பிரிந்தார்கள். அது இன்றும் என்னை வருத்துகிறது. நோயின் பெயரைச் சொல்லாமலே, "உங்கள் உடம்பைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, இல்லை, எங்களிடம் விட்டுவிடுகிறீர்களா?" என்று அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள். எங்களிடமே விடுகிறேன் என்றால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான்.

கேள்வி (மருமகள், திருநெல்வேலி): ஆபரேஷன் தியேட்டருக்குள் போகுமுன் தாலியைக் கழற்றச் சொன்னதும் அத்தை அழுதுவிட்டார்கள். கழற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உலோகத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். டயதர்மி என்ற, மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவியைப் பயன்படுத்தும்போது தீப்புண் ஏற்படலாம். அதற்காகக் கழுத்தை வெறுமையாக விட வேண்டியதில்லை. முதல் நாளே சொல்லிவிட்டால் புது மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்துக் கட்டிக்கொண்டு வரலாம். கழுத்தில் அறுவை என்றால் மணிக்கட்டில் கட்டலாம். தள்ளுவண்டியில் படுத்த பிறகு இதைச் சொல்வது கொடுமை.

கேள்வி (செவிலியர் பட்ட மாணவி, ஈரோடு): "ஆசிய நோயாளிகள் வலியை வெளிக்காட்ட மாட்டார்கள்" என்று படித்தேன். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா, மேடம்?

பதில்: கூடாது. நம் பிரசவ அறையில் ஒரு நாள் நின்றவர் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார். இனத்தை வைத்து முடிவு கட்டாமல் அவரவரிடமே கேளுங்கள். 1970-களில் தைவானில் களப்பணி செய்த மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன், நோயாளியிடம் கேட்பதற்குச் சில கேள்விகளை வகுத்துத் தந்தார். இந்த நோய்க்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்? எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? இதில் உங்களுக்கு எது பெரிய பயம்? "சூடு", "வாயு" என்று பதில் வந்தால் சிரிக்காமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (முதுகலை மாணவி, மதுரை): பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றி ஆய்வு செய்கிறேன். ஆங்கில வினாத்தாளை மொழிபெயர்த்தால் போதுமா?

பதில்: பரவலாகப் பயன்படும் ஒரு மனச்சோர்வு வினாத்தாளில், சோகத்தை ஆங்கிலத்தில் நீல நிறத்தின் பெயரால் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. அதை நேராகத் தமிழாக்கினால் எந்தத் தாய்க்கும் புரியாது. தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். அதற்கும் முன்னால் பத்துத் தாய்மாரிடம் உட்கார்ந்து பேசி, "மனசு சரியில்லை" என்பதை அவர்கள் எந்தெந்தச் சொற்களில் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளில் தாயைத் தனியாகப் பார்க்கக் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் கேளுங்கள்.