அரசியல் விஞ்ஞானம் படித்தால் பிள்ளை அரசியலுக்குள் போய்விடுமோ?

அக்கா, போனில் நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மகளுக்கு யாழ்ப்பாணக் கம்பஸில் கலைப்பீடம் கிடைத்துவிட்டது, அரசியல் விஞ்ஞானத்தில் சிறப்புப் பட்டம் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், உங்களுக்கோ 'அரசியல்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. போரின் கடைசிக் கட்டத்தைக் கண்ட புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு பயப்படாவிட்டால்தான் அதிசயம்.

ஆனால் அவள் போவது கட்சி வேலைக்கு இல்லை. 2005 ஜனாதிபதித் தேர்தலன்று வன்னியில் நாங்கள் வாக்குப் போடாமல் இருந்தோமே, அதில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் 1 இலட்சத்து 81 ஆயிரம் வாக்குகூட வித்தியாசம் இல்லை. இந்த மாதிரி விசயங்களைத்தான் அந்தப் பாடம் நோண்டுகிறது. ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் போருக்குப் போவது மிகக் குறைவு என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். அரைகுறையாக ஜனநாயகத்துக்கு மாறும் நாட்டில் தேர்தலே சண்டையை மூட்டிவிடலாம் என்று இன்னொரு சாரார். 1931இலேயே சர்வசன வாக்குரிமை வந்த நாட்டில் இவ்வளவு பெரிய போர் எப்படி வந்தது? உங்கள் மகள் இதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

சரி, வேலைக்கு வருவோம். கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் வேலையில்லாப் பட்டதாரிகள் குந்தியிருந்ததைக் கண்டவர் நீங்கள், அந்தப் பயம் நியாயம்தான். வெறும் பட்டம் காணாது. ஏ.எல். (உயர்தர) வகுப்புக்கு ஆசிரியராகலாம், நிர்வாக சேவைப் பரீட்சை எழுதலாம் (வயதெல்லை உண்டு, ஆறுதலாகப் பார்ப்போம் என்று விடக்கூடாது). தேர்தல் கண்காணிப்பு நல்ல அனுபவம், ஆனால் தேர்தல் முடிய அதுவும் முடிந்துவிடும், அதைச் சம்பளமாக நினைக்க வேண்டாம்.

ஆய்வுப் பக்கம் போக ஆசையென்றால் ஆங்கில வாசிப்பும் புள்ளிவிபரமும் இல்லாமல் நகர முடியாது. சுவீடனில் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் உலகத்துப் போர்களையெல்லாம் கணக்கெடுக்கிறார்கள். வருடத்துக்கு 25 பேராவது மோதலில் செத்தால்தான் அவர்கள் பட்டியலில் அது ஆயுத மோதல். எங்களுக்கு வாசிக்கக் கஷ்டமான கணக்கு, ஆனால் அதற்குள் எங்கள் நாடும் இருக்கிறது. சிங்களமும் பேசப் பழகட்டும், அரச வேலைக்கும் உதவும்.

முதல் வருடப் பெறுபேறு முக்கியம், அதைச் சொல்லி வையுங்கள். வருகிற ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஏ.எல். ரிசல்ட் சீட்டையும் மறக்காமல்.