வயலினில் ரியும் கவும் சுருதி விலகுகின்றன, விரலை எங்கே வைப்பது?

கேள்வி இதுதான்: பண்டாரவளையில் பத்து வயது மகள் ஒன்லைன் வகுப்பில் வயலின் படிக்கிறாள். தொடக்கப் பயிற்சியான ஸரளி வரிசையில் ரியும் கவும் சுருதி சேரவில்லை. ஃபிங்கர்போர்டில் ஸ்டிக்கர் ஒட்டலாமா, எத்தனை சென்டிமீட்டரில்?

ஒட்டலாம். ஆனால் ஒரே ஒரு கோடு போதும், அதுவும் மூன்றாம் விரலுக்கு (சுட்டுவிரல்தான் முதல் விரல், மோதிரவிரல் மூன்றாவது).

இணையத்தில் கிடைக்கும் சென்டிமீட்டர் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். அது முழு அளவு வயலினுக்கானது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் இருப்பது பெரும்பாலும் முக்கால் அல்லது அரை அளவு வயலின். தந்தியை முறுக்கும் பிருடைகள் இருக்கும் பெட்டியை ஒட்டித் தந்திகள் ஏறிக் கடக்கும் சிறு கட்டையிலிருந்து குதிரை (வயலின் உடலின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) வரை தந்தியின் நீளத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஸரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையில், ஸ தந்தியில், கட்டையிலிருந்து அந்த நீளத்தின் பதினாறில் ஒரு பங்கில் ரி, ஐந்தில் ஒரு பங்கில் க, நாலில் ஒரு பங்கில் ம, மூன்றில் ஒரு பங்கில் ப. தந்தி 32.8 செ.மீ. என்றால் ஏறத்தாழ 2, 6.5, 8.2, 10.9 செ.மீ. பக்கத்துப் ப தந்தியிலும் இதே இடங்கள்தான் த, நி, மேல் ஸ. ஒரு தந்தியில் கை படிந்துவிட்டால் மற்றதற்குத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

இந்த எண்களைப் பார்த்தாலே பிள்ளைக்கு எங்கே சிக்குகிறது என்று தெரியும். ரிக்கும் கவுக்கும் நடுவே நாலரை செ.மீ. இடைவெளி. கவுக்கும் மவுக்கும் ஒன்றரை செ.மீ. சொச்சம்தான். முதல் விரலை வைத்துவிட்டு இரண்டாம் விரலை நீட்டும்போது அது முதல் விரலையும் முன்னே இழுத்துவிடும். ரி ஏறிவிடும், க எட்டாமல் இறங்கி நிற்கும்.

அதனால் கையை மேலிருந்து கீழே அமைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. முதலில் ப தந்தியில், நாலில் ஒரு பங்குக் கோட்டில், மூன்றாம் விரலை வைத்து மேல் ஸ வாசிக்கச் சொல்லுங்கள். இடம் சரியாக இருந்தால் வில் படாத ஸ தந்தி தானாகவே அதிரும், உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். அதிராவிட்டால் விரலை மயிரிழை முன்பின் நகர்த்தித் தேடட்டும். அந்த விரலை எடுக்காமலே இரண்டாம் விரலை அதை ஒட்டி வைத்தால் நி. அதன்பின் முதல் விரலைப் பின்னால் வளைத்துக் கட்டைக்கு அருகே வைத்தால் த. கை இந்த அமைப்பிலேயே இருக்க, ஸ தந்திக்கு மாறினால் ம, க, ரி. விரல் நுனி தந்தியில் நிமிர்ந்து விழ வேண்டும், படுத்தால் சுரம் மங்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கட்டைவிரல் கழுத்தை நெரிக்காமல் முதல் விரலுக்கு எதிரே சும்மா தொட்டிருக்கட்டும்.

கவைச் சரிபார்க்க ஃபோன் டியூனரை நம்ப வேண்டாம். அது காட்டும் இடம் முழு வயலினில் ஏறத்தாழ 2 மி.மீ. மேலே இருக்கும், தம்புராவோடு சேராது. சுருதிப் பெட்டியைப் போட்டு, நீளமான வில்லில் காதால் சேர்ப்பதுதான் வழி.

கோட்டுக்கு மெல்லிய காகித டேப் போதும். தடித்த பிளாஸ்டிக் டேப் விரலுக்குத் தடங்கும், பசையும் மிஞ்சும். காது பிடித்ததும் கழற்றிவிடுங்கள்.

விரல் சரியாக விழுந்தும் சுரம் விலகினால் குதிரையைப் பாருங்கள். பிருடையை முறுக்க முறுக்க அதன் தலை ஃபிங்கர்போர்டுப் பக்கம் சாயும். தந்தி நீளம் குறைந்து எல்லா இடங்களும் மாறிவிடும். பாதம் இரண்டும் மரத்தில் ஒட்டி, பின்பக்கம் நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, இரு கையாலும் மெதுவாக நிமிர்த்துங்கள்.

மலையகக் குளிரும் ஈரமும் இதில் பெரிய பங்கு வகிக்கின்றன. மழைக்காலத்தில் பிருடை ஊதி இறுகும், காய்ந்த நாட்களில் சுருங்கி வழுக்கும். இறுகினால் பிருடையில் காய்ந்த சவர்க்காரம் கொஞ்சம், வழுக்கினால் சோக் தூள். ஈரம் போகட்டும் என்று வயலினை அடுப்படியில் வைக்காதீர்கள், சூட்டில் பசை விட்டுப் பலகை திறந்துகொள்ளும். பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் அறையில் வைத்துவிட்டுச் சுருதி சேருங்கள். குளிரில் விறைத்த விரல் நீளாது. காலைப் பயிற்சிக்கு முன் மகள் வெந்நீரில் கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளட்டும்.

நாலாம் விரலை இப்போதே கட்டாயப்படுத்த வேண்டாம். பவை விரல் வைக்காத, திறந்த தந்தியிலேயே வாசிக்கட்டும். மூன்று விரலும் நிலைத்தபின் ஸ தந்தியில் நாலாம் விரலால் ப பிடித்து, திறந்த ப தந்தியோடு சேர்த்து ஒரே வில்லில் இழுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே ஒலியாகக் கேட்க வேண்டும், அலையடித்தால் இடம் தவறு.