பதில்: மூன்றாவது குதிப்பில் சுழன்றுவிட்டேன், விட்டுவிடலாமா?

தம்பி, தாய்லாந்தில் ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) வகுப்பில் சேர்ந்து, மூன்றாவது குதிப்பில் உடம்பு ஒரே பக்கமாகச் சுழன்றது, பயிற்சியாளர் பயிற்சியின் அதே கட்டத்தைத் திரும்பச் செய்யச் சொல்லிவிட்டார், இனிப் போவதா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகப் போங்கள். ஒரு கட்டத்தைத் திரும்பச் செய்வது இதில் சர்வசாதாரணம்.

சுழற்சிக்குப் பெரும்பாலும் கால்தான் காரணம். பயத்தில் ஒரு முழங்கால் கூடுதலாக மடங்கிவிடும், நமக்கே தெரியாது. மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது அந்தச் சின்ன வித்தியாசமே உடம்பைத் திருப்பிவிடும். பயிற்சியாளர் இரண்டு விரலை நீட்டிக் காட்டினாரா? காலை நீட்டு என்று அர்த்தம்.

மொட்டைமாடியில் பாய் விரித்துக் குப்புறப் படுங்கள். இடுப்பைத் தரையில் அழுத்தி, நெஞ்சையும் முழங்கால்களையும் தூக்குங்கள். பார்வை கீழே போகக் கூடாது. ஒத்தக்கடையில்தானே வீடு, யானைமலையைப் பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு தாழ்ந்திருந்தால் இறகுப்பந்து மாதிரி உடம்பு தானாக நிலைக்கு வரும். அப்புறம் மூச்சு. விமானக் கதவருகே பலரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், உடம்பு விறைத்துவிடும். வாயால் நன்றாக ஊதிவிட்டுக் குதியுங்கள்.

சுழன்றாலும் சரி, உயரமானியைப் பார்ப்பதை மட்டும் விடாதீர்கள். சொன்ன உயரம் வந்ததும் பாராசூட்டை இழுத்துவிட வேண்டும். தானாகத் திறக்கும் கருவி இருக்கிறதே என்று தாமதிக்க வேண்டாம்.

போன குதிப்பின் வீடியோ இருந்தால் கேட்டு வாங்கி, முழங்காலை மட்டும் கவனித்துப் பாருங்கள்.